மடத்துத் தூக்குப்பாலம்

அன்புள்ள தமியானாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

பாலைவன மடத்தின் பழைய கோட்டைக்கு நான் செய்த தூக்குப்பாலம் முடிந்தது. கொள்ளையர் வந்தால் துறவிகள் உள்ளே ஓடிப் பாலத்தைத் தூக்கிக்கொள்வார்களாம், அந்தக் காலத்தில். எல்லோரும் ஏறத் தயங்க, குண்டுச் சமையல்காரத் துறவி பிஷோய் பருப்புப் பானையோடு முதலில் நடந்தார். ஒரு பலகைகூட முனகவில்லை! நானும் உள்ளே போய்ப் பாலத்தைத் தூக்கினேன். கயிறு சிக்கி, இறங்க மறுத்தது. அது கயிற்றின் குற்றம். பயப்படாதே, பருப்பு எங்களோடுதான் இருந்தது.

"ஃபானூஸ், இனி ஒரு கொள்ளைக்காரனும் உள்ள வரமுடியாதுய்யா!" என்று மடத்துத் தலைவர் வெளியே நின்று கத்தினார்.

"நீங்களும்தான் சாமி!" என்றேன்.

சாயங்காலம் இறக்கிவிட்டேன். யார் செய்த பாலம் என்று கேட்டால் ஊரில் சத்தமாகவே சொல்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. உன் சத்தம் இல்லாமல் மடத்தில் ஒரே அமைதி. நாலு வரி திட்டி எழுதேன்.

உன் ஃபானூஸ்