வெளிக்கிட முன் ஒரு நிமிடம்

மல்வேர்ன், ரொறன்ரோ
ஒக்ரோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

லக்சிகா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அஜக்ஸில் அண்ணாவும் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு தொடங்குகிறேன்.

கடிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. போனில் நீங்கள் சாப்பிட்டியோ என்று கேட்பீர்கள், நான் ஓம் என்பேன், பிறகு இரண்டு பேரும் திரையில் மற்றவரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படிச் சொல்ல முடியாத ஒன்று இப்போது சேர்ந்துவிட்டது.

அண்ணா விண்ணப்பித்து, உங்கள் பாஸ்போட்டில் விசா குத்தி ஆறு மாதம் ஆகிறது. எப்போது வருகிறீர்கள் என்று அண்ணா கேட்டால், உங்கட அம்மா சொல்லட்டும் என்கிறீர்கள். அம்மாவைக் கேட்டால், அவருக்கு மனமிருந்தால் வருவார்தானே, நான் என்ன வெத்திலை வைச்சோ கூப்பிடவேணும் என்கிறா. பதினாலு வருடமாக நானும் அண்ணாவும்தான் உங்களுக்குள் தபால்காரர். இந்த முறை நான் கொண்டுவருவது கொஞ்சம் பாரமான தபால்.

என் வேலையைப் பற்றி உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. படித்து முடித்துக் கிடைத்த முதல் வேலை, எட்டு மாத ஒப்பந்தம். நகரத்தின் வடபக்கம் ஒரு சமூக நிலையம், வீட்டிலிருந்து இரண்டு பஸ். லிபோவ்ஸ்க் என்ற ஒரே சின்ன ரஷ்ய ஊரிலிருந்து வந்து இங்கே வயதாகிப்போன கலைஞர்கள் ஒன்பது பேர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களின் கதைகளைப் பதிவு செய்து, பழைய படங்களோடு கண்காட்சி வைக்க வேண்டும். நேர்முகத்தில் வாய் திறக்கவே கூச்சப்பட்டவள், அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் கேள்வி முடிய முன் செய்கிறேன் என்றுவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நான் பிறக்க முன், கனடாவுக்கு என்று கூட்டிப்போன ஏஜென்ற் உங்களை விட்டுவிட்டு ஓடிய ஊர் அது. ஒரு குளிர்காலம் அங்கே இருந்து, பிடிபட்டு, கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டீர்கள். அந்த ஊரைப் பற்றி நீங்கள் எனக்குச் சொன்னது ஒரே வசனம்: "லிபோவ்ஸ்கில பனி தோளளவு." மிச்சம் ஒன்றும் தெரியாது.

ஒன்பது பேரும் பகிடிக்காரர். லித்யா என்ற பாட்டுக்காரி சொன்னா, எங்கட ஊரில் இரண்டு வேலைதான் இருந்தது, கண்ணாடித் தொழிற்சாலை அல்லது மேடை, கண்ணாடியை உடைத்தவர்கள் எல்லாரும் மேடைக்கு வந்துவிட்டோம் என்று. அர்க்காடிக்கு எண்பத்திரண்டு வயது. சர்க்கஸில் அக்கோர்டியன் வாசித்தவர். கலீனா பொம்மலாட்டக்காரி. அவவின் கரடிப் பொம்மை ஆட்டம் முடிந்ததும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடும். ரஷ்யக் கரடி ஏன் கும்பிடுகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. என் அப்பாவும் உங்கள் ஊரில் இருந்தவர் என்று சொல்லவும் இரண்டு மாதம் தைரியம் வரவில்லை. என்னை உங்களுக்குத் தெரியும்தானே.

போன கிழமை அவர்களுக்கு மொன்றியலில் ஒரு நிகழ்ச்சி. பதிவு செய்ய நானும் போனேன். காலை ஏழு மணிக்கு வான் வந்து நின்றது. சாரதி மாக்கஸ் பொறுமையில்லாதவன், ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். பெட்டிகள் வாசலில். அப்போது ஒன்பது பேரும் சொல்லி வைத்ததுபோல அப்படியே குந்தி இருந்துவிட்டார்கள். கதிரையில், சூட்கேசில், அக்கோர்டியன் பெட்டியில். ஒரு சத்தமில்லை. யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடப் பார்த்தேன். கலீனா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினா. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அர்க்காடி முழங்காலில் தட்டி, "சரி, கடவுள் துணை" என்று எழும்பினார். அவருக்குப் பிறகுதான் மற்றவர்கள் எழும்பினார்கள்.

எனக்கு எழும்ப முடியவில்லை, அப்பா. நான் அந்த நிமிடத்தில் முன்பே ஒருதரம் இருந்திருக்கிறேன்.

எனக்குப் பத்து வயது. பெரிய மாமா எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டிருந்தார். ரஷ்யாவில் பிடிபட்ட பழைய பதிவால் உங்களுக்கு மட்டும் விசா இல்லை என்றுவிட்டார்கள். கொழும்புக்குப் போகும் வான் படலையில் நின்று ஹோர்ன் அடிக்கிறது. நீங்கள் எங்கள் மூன்று பேரையும் விறாந்தையில் சூட்கேஸ்களின் மேல் இருத்தி, நீங்களும் எதிரே நிலத்தில் இருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மாதான் முதலில் எழும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று வானுக்குப் போனா. நீங்கள் அங்கேயே இருந்தீர்கள்.

அதுதான் அம்மா பதினாலு வருடமாகச் சுமக்கிறது. வெளிக்கிட்ட ஆட்களைத் திரும்பவும் இருத்துவது சகுனம் பிழைத்தால்தானே. போக வேண்டாம் என்று மறிக்க நினைத்தவர், வாய் திறந்து சொல்லவும் மனமில்லை, போயிட்டு வாங்கோ என்றும் சொல்லவில்லை, கல்லுமாதிரி இருந்தவர் என்பது அம்மாவின் கணக்கு. மாமா பிறகு அனுப்பிய ஸ்பொன்சர் படிவத்தை நீங்கள் நிரப்பாமல் விட்டபோது அந்தக் கணக்கு சரி என்று ஆகிவிட்டது. நீங்களோ, அம்மா ஒரு வரி எழுதிக் கேட்பா என்று பார்த்திருந்தீர்கள் போல.

வானில் அர்க்காடிக்குப் பக்கத்தில் இருந்து, ஏன் இருந்தீர்கள் என்று கேட்டேன். எங்கள் ஊரில் மட்டுமில்லை, ரஷ்யா முழுக்க வழக்கம் என்றார். தூரப் பயணம் போக முன், போகிறவரும் நிற்கிறவரும் சேர்ந்து இருக்க வேண்டும். பேசக்கூடாது. அப்படி இருந்து எழும்பிப் போனவர் பத்திரமாகப் போய்ச் சேருவார், ஒருநாள் அதே ஆட்களோடு திரும்ப இருப்பார். வீட்டில் மூத்தவர்தான் முதலில் எழும்பி, 'கடவுள் துணை' என்ற அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் சொன்னேன், என் அப்பா ஒரு குளிர்காலம் லிபோவ்ஸ்கில் இருந்தவர் என்று. லித்யா பின்னால் திரும்பிச் சொல்லத் தொடங்கினா. ஊர்க் கலாமண்டபத்துக்குப் பின்னால் தெற்கத்திப் பொடியன்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம், ஒருவன் திரைச்சீலைக் கயிறு இழுத்தானாம். போட ஒழுங்கான உடுப்பில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்ற அவனை, இருந்ததிலேயே சூடான உடுப்பு இதுதான் என்று கரடி வேடத்துக்குள் போட்டு, புத்தாண்டு நாடகத்தில் மேடைக்கும் தள்ளிவிட்டார்களாம். நாடகம் முடிந்ததும் அந்தக் கரடி சனத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதாம். மண்டபமே எழும்பி நின்று கைதட்டியதாம். அன்றிலிருந்து எங்கள் கரடி எல்லாம் கும்பிடுகிறது என்று கலீனா சொன்னா. பொலிஸ் அவனைக் கொண்டுபோன அன்றும் இவர்கள் அவனோடு இருந்து எழும்பினார்களாம். பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அது நீங்கள்தானா என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களாகச் சொல்லும்வரை பொறுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, குசினியில் அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. வெட்டி முடித்தா. இதை அந்த மனுசன் அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றா. பேசக்கூடாது என்பதுதான் வழக்கம் என்றேன். அம்மா கதிரையை இழுத்து இருந்தா. அடுப்பில் சட்டி காய்ந்து புகைத்தது, நான்தான் நிறுத்தினேன். நேற்று வேலை முடிந்து வந்து, உங்கள் சப்பாத்து அளவு ஒன்பதா பத்தா என்று கேட்டா. பனிச்சப்பாத்து மலிவாகப் போட்டிருக்கிறார்களாம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் வெத்திலை அவ்வளவுதான், அப்பா. எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நாங்கள் உங்களுக்கு முன்னே எழும்பிவிட்டோம். நீங்கள் சொல்ல வேண்டிய சொல் இன்னும் உங்களிடமே இருக்கிறது. ரிக்கற் எடுத்த பிறகு, வீட்டைவிட்டு வெளிக்கிட முன் அந்த விறாந்தையில் ஒரு நிமிடம் இருங்கள். தனியாக இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நாளையும் நேரத்தையும் எழுதினால், இங்கே விடியற்காலையாக இருந்தாலும் பரவாயில்லை, அம்மாவும் அண்ணாவும் நானும் அதே நிமிடம் குசினியில் இருப்போம். நீங்கள் சொல்லும்வரை எழும்ப மாட்டோம்.

ஒன்பதா பத்தா என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் பிள்ளை,
லக்சிகா