என் பெயரில் அப்பா எழுதிய கடிதம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. முட்டிவலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நானும் அப்பாவும் நலம்தான். நீ, மருமகள், குழந்தை மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல்.

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. தையல் கடையில் பள்ளிச் சீருடை மலைபோல் கிடக்கிறது, காலர் தைத்துத் தைத்து விரல் மரத்துப்போகிறது, வீட்டுக்கு வந்து பேனா பிடிக்கத் தெம்பில்லை. அதுவும் சாக்குதான் என்று வைத்துக்கொள். யோகியாக மூன்று வருடப் பயிற்சி, நடுவில் வீட்டுக்கு வர முடியாது, சேர வீட்டார் சம்மதக் கடிதம் வேண்டும், அதை நான் எழுதித் தர வேண்டும், மருமகளிடம் இப்போதைக்குச் சொல்லக் கூடாது. இதைத்தானே கேட்டிருக்கிறாய்?

நீ கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா பதினோரு மாதம் வெளியூரில் வேலை பார்த்தார் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். வேலை தேடிப் போகிறேன் என்று என்னிடமும் சொல்லிவிட்டு அவர் போனது இப்படியொரு பயிற்சிக்குத்தான். அங்கேயும் மனைவியின் சம்மதக் கடிதம் கேட்டார்கள், என் கையெழுத்தைப்போலவே அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். தலைகீழாக நிற்பதிலும் மூச்சை அடக்குவதிலும் நன்றாகத் தேறிவிட்டாராம். ஒருநாள் ஆசிரியர் அந்தக் கடிதத்தை முன்னால் வைத்து, இதை எழுதும்போது உன் மனைவி என்ன சொன்னாள் என்று சும்மா கேட்டிருக்கிறார். இவர் ஏதேதோ உளறியிருக்கிறார். "மூச்ச அப்புறம் அடக்கலாம், முதல்ல பொய்ய நிறுத்து, வீட்டுக்குப் போ" என்று தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாராம். வாசலில் வந்து நின்றவர் எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை, "உன் பேர்ல நான் எழுதினது" என்று தாளை நீட்டினார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் பதில் சொன்னவள் நான், அந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் அந்தப் பதினோரு மாதத்தில் அவர் உண்மையாகப் பயின்றது அந்த வாசலில் நின்ற இரண்டு நிமிடம்தான் என்று நினைப்பேன். இன்றைக்கும் சர்க்கரை வியாதியோடு திருட்டுத்தனமாக இனிப்புத் தின்றாலும் தானே வந்து சொல்லிவிடுகிறார். இதையெல்லாம் உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன், எழுது என்றார்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது கண்ணா, உன்னோடு சண்டை போடத் திராணியில்லை. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார், நானே மனதாரச் சம்மதித்ததுபோல அத்தனை அழகாக இருக்கும். பிறகு மருமகளிடம் காட்டு. அவள் தன் கையால் எழுதித் தந்தால், அதன் கீழே நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

மூவரும் நீடூழி வாழ ஆசீர்வாதம். குழந்தையின் தடுப்பூசி நாளைத் தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
இதைத் தன் கையாலேயே எழுதிய உன் அம்மா