பேச்சுத் துணைக்கு ஒரு ஆள்

சேசு மரி சூசை துணை
நீடாமங்கலம், 12 ஜூன் 1999

அன்பு மகள் அனிட்டாவுக்கு அப்பா பெரியநாயகசாமி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். மஸ்கட் ஆஸ்பத்திரி வேலையில் நீயும் சுகம்தானே?

நம் குடும்ப வரலாற்றில் முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது. உன் அம்மா முன்மொழிய, பக்கத்து வீட்டார் வழிமொழிய, என் கட்டில் கூடத்திலிருந்து நெல் அறைக்கு மாற்றப்பட்டது. காரணம் என் குறட்டை. "வீட்டுக்குள்ள டிராக்டர் ஓடுது, டீசல்தான் மிச்சம்" என்கிறாள். குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் என்பதை அவள் ஏற்கவில்லை. பகலிலும் எனக்குத் தூக்கத்துக்குக் குறைவில்லை. போன ஞாயிறு பூசையில் சாமியாரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாராம்.

அப்பா

மஸ்கட், 28 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டிலை உடனே கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். லீவில் வந்தபோது கவனித்தேன். உங்கள் குறட்டை நடுவில் நின்றுபோகிறது, கூடவே மூச்சும். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. மூளை உலுக்கி எழுப்புகிறது. விடியும்வரை இதேதான், உங்களுக்கு நினைவிருக்காது. அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது. ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். மூக்கில் கவசம் மாட்டிக் காற்றுத் தரும் மெஷின் இருக்கிறது. முதலில் சென்னையில் டெஸ்ட் எடுக்க வேண்டும். அதுவரை டிராக்டரைத் தொடாதீர்கள்.

அனிட்டா

நீடாமங்கலம், 15 ஜூலை

அன்பு அனிட்டாவுக்கு,

கட்டில் திரும்பிவிட்டது. மூச்சு நின்றால் உன் அம்மா விலாவில் குத்துகிறாள். நிற்காவிட்டாலும் குத்துகிறாள்.

டிராக்டரை நிறுத்த வழியில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. உழவுக்கு ஊரே வாசலில் நிற்கிறது. டிரைவர்கள் எல்லாம் துபாயில். அதனால் நம் வயலில் வேலை செய்யும் முருகையனை மட்கார்டில் உட்காரவைத்திருக்கிறேன். பேசிக்கொண்டே வருவான், நான் சொக்கினால் தோளில் தட்டுவான். "அண்ணே, முழிச்சுக்குங்க, எனக்கு நீச்சல் தெரியாது" என்கிறான். வக்கீலுக்கு அடுத்து, பேசுவதற்குக் கூலி வாங்கும் ஆள் இந்தத் தாலுகாவில் அவன்தான்.

அப்பா

மஸ்கட், 30 ஜூலை

அப்பா,

விளையாட்டு இல்லை. இந்தத் தூக்கம் வந்தால் யார் பேச்சும் காதில் விழாது. முருகையன் அண்ணனை இறக்கிவிடுங்கள். சாவியை அம்மாவிடம் கொடுங்கள். சென்னை டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டேன். உங்கள் பதில் வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

அனிட்டா

நீடாமங்கலம், 19 ஆகஸ்ட்

அன்பு அனிட்டாவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வண்டி வாய்க்காலில் கவிழ்ந்தது அதற்கு முந்திய சனிக்கிழமை. எனக்குத் தோளில் சிராய்ப்புதான். முருகையன் கத்தினானாம்; எனக்குக் கேட்கவில்லை.

சாவி அம்மாவிடம் இருக்கிறது. நாளை சென்னைக்குப் புறப்படுகிறோம்.

முருகையனுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பெரியநாயகசாமி