பெயர் வைக்காத கோப்பு

அம்மா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், உன்மேல் உள்ள கோபத்தையும் சேர்த்து.

சத்திரம் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் நீ தட்டச்சு செய்த கடையில், உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் கணினியைப் போட்டதும் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ‘புதுப்பிக்கப்படுகிறது, அணைக்காதீர்கள்.’ முக்கால் மணி நேரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். இந்தப் புதுப்பிப்பை ‘மாப்பிள்ளை’ என்றுதான் சொல்வாய். “வந்துட்டாருண்ணே மாப்பிள்ளை! யாரு அழைச்சா? இனி எல்லாரும் கைகட்டி நிக்கணும்.”

“மெதுவாப் பேசும்மா, கோவிச்சுக்கிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடுவாரு” என்பார் கடைக்கார மாமா.

திருவெள்ளறைக்காரரின் கல்யாணப் பத்திரிகை ஒருமுறை இப்படித்தான் பாதியில் போனது. அத்தனை உறவுக்காரர் பெயர்களையும் மறுபடி அடித்தாய். முதலிலேயே சேமித்திருக்கலாமே என்றேன். “சேமிக்கணும்னா பேரு கேக்கும். பொறக்காத பிள்ளைக்கு யாருடி பேரு வைப்பா?” என்றாய். அதற்காகவே, தானாகச் சேமிக்கும் வசதியையும் நிறுத்தி வைத்திருந்தாய். என்ன பிடிவாதம் அம்மா அது!

அந்தக் கடைசி நாள், பள்ளி விட்டு நான் வந்தபோது எதையோ அடித்துக்கொண்டிருந்தாய். எட்டிப் பார்த்ததும் கையால் திரையை மறைத்தாய். “உனக்குத்தான். முடிச்சுப் பேரு வச்சப்புறம் படி.” சற்று நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

அந்தக் கோப்பு திறந்தபடியே இருந்தது. மாமா அந்தக் கணினியை யாரையும் தொடவிடவில்லை. நான் படித்திருக்கலாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து, பெயர் வைத்து, பிறகு படிப்பதென்று இருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்டேன்.

பதினைந்தாம் நாள் இரவு. பூட்டிய கடைக்குள் மாப்பிள்ளை வந்துபோனார்.

“நான் ‘பிறகு’ன்னுதான் பாப்பா அழுத்திட்டுப் போனேன். அதுவா ஆயிடுச்சு” என்று மாமா அழுதார்.

அதுவா ஆயிடுச்சு! வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை. ‘இப்போது’, ‘பிறகு’ இரண்டுதான். அந்தப் ‘பிறகு’ம் பொய். உன் எழுத்து இருந்த இடத்தில், ‘உங்கள் கணினி முன்பைவிடப் பாதுகாப்பாக உள்ளது’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது திரையை உடைக்கக் கை ஓங்கினேன். மாமா பிடித்துக்கொண்டார்.

உன் விரல்களின் இடுக்கில் நான் பார்த்தது இவ்வளவுதான்: ‘என் மகளுக்கு. உன்னைக் கோபக்காரி என்கிறார்கள். ஆனால்’.

நான்கு மாதமாக ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த ‘ஆனால்’ என்னோடு வருகிறது. அதன் பின்னால் ஒவ்வொரு நாளும் ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். எதுவும் உன் குரலில் இல்லை.

இந்தக் கடிதத்துக்கு, முதல் எழுத்து அடிப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டேன். வரிக்கு வரி சேமிக்கிறேன். இதில் மட்டும் உன் பேச்சைக் கேட்கமாட்டேன்.

“சாப்பாட்டு நேரம் பாப்பா, வாம்மா” என்கிறார் மாமா. இன்னும் ஒருமுறை சேமித்துக்கொள்கிறேன். அவர் விளக்குகளை அணைத்துவிட்டார்.