சுடாத வெளிச்சம்

இன்று காலை காவலூர் ஆஸ்பத்திரியில் என் விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். நகத்தின் வழியாகச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. கழற்றியதும் விரலை மோந்து பார்த்தேன். "இன்னா தாத்தா, மோந்து பாக்கறீங்க?" என்று நர்ஸ் பொண்ணு சிரித்தது. என் பொண்டாட்டி உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று அதனிடம் எப்படிச் சொல்வேன்!

உனக்கு நாக்கில் புற்றுநோய் என்று வேலூருக்குக் கரண்ட் வைக்க, அதுதான் கதிர்வீச்சு வைத்தியத்துக்கு, போனோமே. டாக்டரம்மா முதல் நாளே சொன்னார்: கரண்ட் வைக்க வைக்க வாயெல்லாம் புண்ணாகும், தண்ணீர்கூட இறங்காது, சிலருக்கு வைத்தியத்தையே நடுவில் நிறுத்த வேண்டி வரும், அதனால் புண் வருவதற்கு முன்பே தினமும் வாய்க்குள் லேசர் வெளிச்சம் காட்டிவிடலாம் என்று. நீயும் தலையாட்டினாய். ஆனால் அந்த லேசர் கருவியின் சிவப்பு முனையைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாய்.

"வாய்க்குள்ள சூடு வெக்கப் போறாங்க மாமா. வாங்க, வூட்டுக்குப் போய்டலாம்."

எனக்குக் கோபமே வரவில்லை. சின்ன வயதில் மஞ்சள்காமாலைக்கென்று பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உன் கையில் இழுத்த தழும்பு எனக்குத் தெரியாதா? அங்கிருந்த நர்ஸ் அந்த வெளிச்சத்தைத் தன் உள்ளங்கையில் காட்டினாள், நீ நம்பவில்லை. என் கையில் காட்டச் சொன்னேன். "சுடவே இல்ல புள்ள" என்றேன். "எனக்காகப் பொய் சொல்லுவீங்க" என்று என் கையை இழுத்து மோந்து பார்த்தாயே, தோல் தீய்ந்த வாசனை வருகிறதா என்று! அடியே, அந்த அறையே சிரித்துவிட்டது. நீ மட்டும் சிரிக்காமல் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தாய்.

அப்புறம் தினமும் முதலில் வெளிச்சம், பிறகு கரண்ட். கொஞ்சம் எரிச்சல் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் வாய்ப் புண்ணால் விழுங்க முடியாமல் மூக்கில் குழாயோடு படுத்திருக்க, நீ சாமைச் சோற்றைக் குழைத்து மோரில் கரைத்துச் சாப்பிட்டாய். வைத்தியத்தை நடுவில் விடாமல் முடித்துக்கொண்டு மலை ஏறி நம் ஊருக்குத் திரும்பினோம்.

போன வருஷம் நோய் நுரையீரலில் திரும்ப வந்தது. அந்த வெளிச்சம் வாய்ப் புண்ணுக்குத்தான், நோய்க்கு இல்லை. அதை அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

கடைசி நாள் நான் வைத்த ரசத்தை நாலு வாய் குடித்தாய். "உப்பே இல்ல. நான் இல்லாம இன்னா பண்ணப் போறீங்களோ" என்று திட்டினாய். வாய் நன்றாக இருந்ததால் திட்ட முடிந்தது. அந்தத் திட்டை வைத்துக்கொண்டுதான் புள்ள, தினமும் உலை வைக்கிறேன்.