பாலம், சிவப்புக் கார், கறுப்பு உடுப்பில் நாலு பேர்

உள்ளதை உள்ளபடியே எழுதப் போகிறேன். உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டில், அந்த நினைவு மலரில், ஒரு பொய் இருக்கிறது. அது என் பெயரில் இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லையும் நான் அழகுபடுத்த மாட்டேன்.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் தொலைக்காட்சியில் அவளுடைய புதுப் பாட்டைப் போட்டார்கள். உலகத்தில் எத்தனை பாடகிகள் இருந்தாலும், ‘அவள்’ என்றால் நம் இருவருக்கும் ஒருத்திதான். நீளமான மாடிப்படியில் ஏறிக்கொண்டே பாடுகிறாள். மூச்சு வாங்குவதைக்கூட மறைக்கவில்லை. கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தபோது பக்கம் வெறுமையாகவே இருந்தது.

எப்படி எழுதுவது? நீ பார்ப்பாய், நான் எழுதுவேன். அதுதானே நம் முறை? வாரத்துக்கு அரை மணித்தியாலம், ஒரு பாட்டு ஒரே ஒரு தரம். குனிந்து எழுதினால் படம் ஓடிவிடும். அதனால் நீ திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கத்துவாய்: “பாலம்! சிவப்புக் கார்! கறுப்பு உடுப்பு, நாலு பேர்! கண்ணாடி வெடிக்குது, எழுதடி!” அவளுடைய பாட்டுக்களில் பாதியை நான் உன் வாயால்தான் பார்த்தேன்.

பிறகு புள்ளி போடுவோம். அவள் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்து அழுத அந்த மூன்றாவது பாட்டுக்கு நான் ஒன்பது போட்டேன். நீ இரண்டு.

“கமராவைப் பாத்து அழுறவையை நான் நம்பமாட்டன்” என்றாய்.

“அது நடிப்பில்லை, கவலை.”

“கவலைப்படுறவளுக்கு ஏன்டி அவ்வளவு கண்மை?”

ஒரு கிழமை நாம் கதைக்கவில்லை. இப்போதும் நான் ஒன்பதுதான் போடுவேன். நீ இல்லை என்பதற்காக உன் பக்கம் சாயமாட்டேன்.

வெள்ளவத்தையில் குண்டு தேடி வீடு வீடாகப் பொலிஸ் சோதனை நடந்த அந்தக் காலையில் உன் அம்மா சந்தைக்குப் போயிருந்தார். உங்கள் வீட்டில் இருந்தது உன் மாமாவும் நீயும் நானும். அலுமாரியைக் கிளறியவர்களிடம் நம் கொப்பி அகப்பட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் உரக்க வாசித்து, அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னார். பாலம். சிவப்புக் கார். கறுப்பு உடுப்பில் நாலு பேர். வெடிக்குது.

“எந்தப் பாலம்?” என்று அதிகாரி கேட்டார்.

மாமா அடையாள அட்டையை நீட்டியபடியே நின்றார். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நான்தானே எழுதியவள், என் கையெழுத்துத்தானே! நீ முன்னால் வந்தாய். சிங்களத்தில், “சனிக்கிழமையில நீங்கள் டீவி பாக்கிறேல்லையா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பாட்டைப் பாடி ஆடினாய். பாலத்தில் அவள் வைக்கும் நடையை, தோளைக் குலுக்கும் திருப்பத்தை, கண்ணாடி உடையும் இடத்தில் குந்தி எழும்புவதை, அத்தனை சப்பாத்துக்களுக்கும் நடுவில் வெறுங்காலோடு ஆடினாய்.

வாசலில் நின்ற பெண் பொலிஸ், “நாலு பேரில்லை, அஞ்சு பேர்” என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். நீ விடவில்லை. “இல்லை அக்கே, நாலு! நான் எண்ணினனான்!”

அதிகாரி கொப்பியை மேசையில் எறிந்துவிட்டுப் போனார். மாமா கதவைச் சாத்தினார். “பொலிசோட வாதாடுறியோ? இதை அம்மாவிட்ட மூச்சு விடப்படாது” என்றார். அடுத்த சனிக்கிழமை அதே பாட்டைத் திரும்பப் போட்டபோது எண்ணிப் பார்த்தோம். ஐந்து பேர். நீயே வெட்டித் திருத்தினாய். உண்மை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? பிழை உன்னுடையதுதான்.

ஐந்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

கல்வெட்டுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லி மாமா கேட்டார். மேலே உள்ளதைத்தான் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, கல்வெட்டில கூத்தும் பொலிசும் போடேலாது. தேவாரம் பாடினவள், அடக்கமானவள் எண்டு எழுதித் தாரும்.”

“அவ தேவாரத்தில ரெண்டாவது வரியை மறந்துபோறவ, அங்கிள்.”

“செத்த பிள்ளைக்கு நல்ல பேர் வேண்டாமோ?”

“இதுதான் அவவின்ர நல்ல பேர்.”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொட்டாஞ்சேனை அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டுகள் வந்தபோது, கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அதற்கு மேல் மாமா எழுதிய, அடக்கமே உருவான ஒரு பெண் இருந்தாள். அவளை எனக்குத் தெரியாது. நான் கட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக உட்கார்ந்து, நாற்பது பிரதிகளில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு, எதிர்ப்புறத்து வெற்றுத் தாளில் சோதனை நடந்த அந்தக் காலையைக் கையால் எழுதினேன். அன்று எனக்குப் பயமாக இருந்தது. அதையும் எழுதினேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் நானே வாசலில் நின்று கொடுத்தேன். சாப்பாடு முடிவதற்குள் மாமா கண்டுவிட்டார். வரிசை வரிசையாகப் போய், “அச்சுப் பிழை, தாருங்கோ” என்று ஒவ்வொருவரிடமும் திரும்ப வாங்கினார். கொடுத்தார்கள். சிலர் மட்டும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்கள். என்னைக் கடந்தபோது, “வெக்கமில்லையோ?” என்றார். “இல்லை” என்றேன்.

இனி நானே பார்க்கவும் வேண்டும், நானே எழுதவும் வேண்டும். ஏதோ ஒன்று தவறிப்போகும்தான். ஆனாலும் விடமாட்டேன்.

அன்று மண்டபத்தில் கடைசியாக மாமா உன் அம்மாவிடம் வந்தார். அம்மா நான் கையால் எழுதிய பக்கத்தை விரித்து வைத்திருந்தார். விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு வாசித்தார்.

“தா அக்கா. அச்சுப் பிழை.”

“பொறு” என்றார் அம்மா. “இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.”

மாமா கையை நீட்டியபடியே நின்றார். சனம் போய்விட்டது. வேலையாட்கள் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். அம்மா தாளைத் திருப்பி மறுபடி முதல் வரிக்கு வந்தபோது, மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.