இரண்டு குடம் நல்ல தண்ணீர்

சித்திரை 20, ஞாயிறு.

மதுரையிலிருந்து மதியம் திரும்பினோம். கடல்மீன் தொட்டியில் பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. உப்பளவு 1.025 இருக்க வேண்டும், 1.018 காட்டியது.

இரை போடச் சொல்லி, மனைவி சாவியைப் பக்கத்து வீட்டு மதினியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பாகப்பிரிவினைக்குப் பின் எட்டு வருடமாக நான் பேசாத மதினியிடம். நேரே போய் நின்றேன்.

"கொல்லவா பாத்தீக?"

மதினி பதறிவிட்டார். "தண்ணியத் தொட்டு நாக்குல வச்சேன், கொழுந்தனாரே. அம்புட்டுக் கரிப்பு. வாயில்லாச் சீவன் இதுலயா கெடக்குன்னு, மொண்டு ஊத்திட்டு ரெண்டு குடம் நல்ல தண்ணி விட்டேன்."

"அது கடல் மீனு. ஒங்கள யாரு கேட்டா?"

உப்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். ஒரே நாளில் ஏற்றினால் இருக்கிற உயிரும் போய்விடும். நான்கைந்து நாளாகும். அதுவரை பவளம் தாங்குமா, தெரியவில்லை.

குழாயில் நேற்றுத்தான் தண்ணீர் வந்தது. இனி பத்து நாள் கழித்துத்தான் வரும். வீட்டுக்கு ஆறு குடம் கிடைத்தாலே அதிகம். மதினி வாசலில் இரண்டு குடங்கள் கவிழ்த்து வைத்திருப்பது சன்னல் வழியே தெரிந்தது. சன்னலைச் சாத்திவிட்டேன். சாத்தியும் தெரிகின்றன.